கினிக்கோழிக் கூட்டத்தில் ஒரு நடுநிலைவாதி

அடிக்கிறவர், அடி வாங்குகிறவர் என்று மனிதர்களை இரண்டாகப் பிரித்துவிட்டு, அத்தோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் ஒரு முக்கியமான பிராணியைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். அடி விழுந்து முடிந்த பிறகு, கொஞ்சமும் அவசரப்படாமல், செருப்பைச் சரியாக மாட்டிக்கொண்டு, "என்ன, என்ன ஆச்சு இங்க?" என்று கேட்டபடி வந்து சேர்கிறாரே ஒருவர், அவரைத்தான் சொல்கிறேன். அவருக்கு நடுநிலைவாதி என்று பெயர்.

நீங்கள் அவரைக் கட்டாயம் பார்த்திருக்கிறீர்கள். ஆபீசில், மாடிப்படியில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், எங்கே ஒரு குரல் உயர்ந்தாலும் அங்கே முளைப்பார். வந்ததும் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்துக் காற்றில் ஒரு தலையணையின் அகலத்தைக் காட்டுவார். "சரி, சரி, சரி" என்பார். முதல் சரி அடித்தவருக்கு, இரண்டாவது அடி வாங்கியவருக்கு, மூன்றாவது தமக்கு. பிறகு அடி வாங்கியவரின் தோளில் கை போட்டுக் கொஞ்ச தூரம் தள்ளி அழைத்துப் போவார். கவனித்தீர்களா, அடித்தவரை அல்ல. அடித்தவரின் தோள் எப்போதும் கொஞ்சம் உயரத்தில் இருக்கிறது, கை எட்டுவதில்லை. தள்ளிப் போனதும் குரலைத் தாழ்த்தித் தீர்ப்பைச் சொல்வார். "அவர் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே. நீங்கதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்."

தீர்ந்தது வழக்கு. அடி வாங்கியவர் அனுசரித்துப் போவார், அடித்தவர் அடுத்த ஆளைத் தேடிப் போவார், நம்மவர் வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்குவார்.

இந்த இனத்தில் குறையில்லாத ஓர் உருப்படியைக் காட்டுகிறேன், வாருங்கள். தெரு முழுக்க அவரைச் சமரசம் சார் என்றுதான் கூப்பிடும். ஒரு சோப்புத் தொழிற்சாலையில் பணியாளர் குறை தீர்க்கும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிற்சாலையின் பேக்கிங் பிரிவில் ஒரு சூப்பர்வைசர் இருந்தார். கோபம் வந்தால் கையில் இருப்பதைத் தூக்கி எறிவார். சோப்புத் தொழிற்சாலையில் கையில் என்ன இருக்கும்? நெற்றியில் புடைப்போடு ஒரு பேக்கிங் பெண் புகார் சொல்ல வந்தாள். சமரசம் சார் அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, இரு தரப்பையும் பொறுமையாக விசாரித்து, கடைசியில் அவளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். அடுத்த சோப்பு பக்கத்தில் இருந்தவள்மேல் விழுந்தது. அவளுக்கும் ஒரு ஹெல்மெட். இப்படியே போய், அவர் ஓய்வு பெறுகிற சமயத்தில் பேக்கிங் பிரிவு முழுக்க ஹெல்மெட்டோடு சோப்புக்குக் காகிதம் சுற்றிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து வந்த பார்வையாளர்கள், பாதுகாப்பு என்றால் இப்படியல்லவா இருக்கவேண்டும் என்று படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிரிவு உபசார விழாவில் மேனேஜர் பேசினார். "சார் இருந்த காலத்தில் ஒரு புகார்கூட நிலுவையில் இருந்ததில்லை" என்றார். மெத்தச் சரி. புகார் சொன்னவர்கள் மறுபடி வாய் திறந்ததும் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகுதான் அவருக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. சண்டைக்குப் பஞ்சம் வந்துவிட்டது. தெருவில் இரண்டு பேர் வாய்த்தகராறில் இறங்கி, நல்ல சூடு பிடிக்கிற நேரத்தில், சமரசம் சார் கேட்டைத் திறக்கிற சத்தம் கேட்டால் போதும். "வர்றாருப்பா" என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டி, தோளோடு தோள் சேர்ந்து டீக்கடைக்குள் புகுந்துவிடுவார்கள். ஒரு வகையில் பார்த்தால் அவர் சமாதானத்தை ஏற்படுத்திக்கொண்டுதான் இருந்தார். ஆனால் அவர் கை பரபரத்தது. காலையில் எழுந்து தலையணை அகலத்தைக் காட்டிப் பார்த்துக்கொள்வார், யாரும் இல்லாத கூடத்தில்.

அப்படிக் காய்ந்துபோய்க் கிடந்த மனிதருக்கு, அவருடைய வீட்டுக் கொல்லையிலேயே ஒரு வழக்கு கிடைத்தது.

அவர் மனைவி தையல்காரர். முன்னறையில் மெஷின், துணி மலை, ஒரு மூலையில் திரை கட்டி வாடிக்கையாளர்கள் போட்டுப் பார்க்க இடம். கொல்லையில் அவர் ஒரு டஜன் கினிக்கோழி வளர்த்தார். கினிக்கோழியைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உடம்பு முழுக்க சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி, நல்ல குண்டு மெத்தை போல இருக்கும். அந்த மெத்தைக்கு மேலே, வேறு யாருக்கோ செய்த தலையை அவசரத்தில் பொருத்தினாற்போல, முடியில்லாத ஒரு சின்ன வெளிறிய தலை. உச்சியில் ஒரு கொம்பு. குரல், எண்ணெய் காணாத தையல் மெஷின். கேட்டுப் பக்கம் தபால்காரர் வந்தாலும் கத்தும், பூனை வந்தாலும் கத்தும், யாரும் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கத்தும். கொல்லையில் பூச்சி பொட்டு ஒன்றை விடாமல் தின்று தீர்க்கும். அதற்காகத்தான் தையல்காரர் வளர்க்க ஆரம்பித்தார். பிறகு பாசம் வந்துவிட்டது.

அந்தக் கூட்டத்துக்கு ஒரு சேவல் தலைவன். தையல்காரர் அதற்கு மேஸ்திரி என்று பேர் வைத்திருந்தார். மேஸ்திரி இறக்கையை முதுகுக்கு மேலே தூக்கி, தலையைக் கீழே இறக்கி, கொல்லையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரே ஓட்டமாக ஓடி வந்து யார் கழுத்தையாவது பிடித்து இழுக்கும். தீனித் தட்டு ஒன்றுதான். தண்ணீர்ச் சட்டி ஒன்றுதான். இரண்டுக்கும் நடுவில் நின்றுகொண்டு, யார் தின்னலாம், யார் குடிக்கலாம், யார் வேடிக்கை மட்டும் பார்க்கலாம் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்யும்.

வேடிக்கை பார்க்கிற இடம் குட்டிம்மாவுக்கு. எல்லாவற்றிலும் சின்னது. கடைசி முட்டையிலிருந்து, மற்றதெல்லாம் ஓடி விளையாடத் தொடங்கிய பிறகு, சாவகாசமாக வந்து சேர்ந்தது. தையல்காரர் அதை மெஷின் விளக்கின் சூட்டில் வைத்து, நூல்கண்டுகளுக்கு நடுவே நடக்கவைத்து, மடியில் போட்டு வளர்த்தார். மேஸ்திரிக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஏன் ஆகாது? கேட்டால் மேஸ்திரிக்கே தெரியாது. ஒரு நாள் குட்டிம்மாவின் கழுத்தில் இறகு போய், தோல் தெரிந்து, ரத்தம் கசிந்தது.

அந்த நேரம் பார்த்துத் தையல்காரருக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர் வந்திருந்தது. மெஷினை விட்டு எழுந்திருக்க வழியில்லை. கணவரைக் கூப்பிட்டார்.

"என்னங்க, உங்ககிட்ட நான் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் பாத்துக்கங்க. இந்தத் துணியெல்லாம் தைச்சு முடிக்கிற வரைக்கும் குட்டிம்மா உயிரோட இருக்கணும். அவளுக்கு ஏதாவது ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

"கொல்லையில சண்டையா?" என்றார் சமரசம் சார். முகத்தில் அப்படி ஒரு களை.

மறுநாள் காலை குளித்து, இஸ்திரி போட்ட சட்டை மாட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொல்லையில் போட்டு உட்கார்ந்துவிட்டார். மேஸ்திரி ஓடி வந்து நாற்காலியின் காலை ஒரு கொத்து கொத்திப் பார்த்தது. சமரசம் சார் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டு, "வணக்கம்" என்றார். அந்த ஒரு வார்த்தையிலேயே விசாரணை முக்கால்வாசி முடிந்துவிட்டது.

மத்தியானச் சாப்பாட்டின்போது அறிக்கை தந்தார்.

"ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டேன்."

"கோழிகிட்டயா?"

"பாத்தாலே தெரியுதே. மேஸ்திரிக்கு வாய்தான் கொஞ்சம் முரடு. மனசுல ஒண்ணும் கிடையாது."

"வாயாலதாங்க கொத்துறான்."

"அவர் இல்லேன்னா இந்தக் கொல்லை என்னாகும், யோசிச்சுப் பாரு. பூனை வந்தப்போ முதல்ல கத்துனது யாரு? வேலை தெரிஞ்ச ஆளும்மா. வேலை தெரிஞ்சவங்களுக்குக் கொஞ்சம் கோபம் வரத்தான் செய்யும். குட்டிம்மாவும் கொஞ்சம் யோசிக்கணும். அவர் சாப்பிடுற நேரம் பாத்துத்தான் இவளும் தட்டுகிட்ட போறா."

"எல்லாருக்கும் அப்பதாங்க தீனி போடுறோம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் சமரசம் சார். பதில் இல்லாத இடத்திலெல்லாம் அவர் இதைத்தான் சொல்வார். கேட்கிறவருக்குத் தாமே எதையோ ஒப்புக்கொண்டுவிட்டதுபோல ஒரு குழப்பம் வரும்.

நடவடிக்கை ஆரம்பமானது. முதலில் குட்டிம்மாவின் சாப்பாட்டு நேரத்தை மாற்றினார். மற்றதெல்லாம் தின்று முடிக்கிற வரை அதைத் தம் மடியில் பிடித்து வைத்துக்கொண்டு, பொறுமையின் அருமையை எடுத்துச் சொன்னார். தட்டு காலியானதும் கீழே விட்டார். தட்டில் உமி இருந்தது. அதையும் தொடவிடாமல் மேஸ்திரி காவல் நின்றது. "இதுவும் ஒரு பழக்கம்தான், போகப் போகச் சரியாயிடும்" என்று சொல்லிவிட்டு எழுந்தார் சமரசம் சார். குட்டிம்மா பட்டினி.

அடுத்தது, அவருடைய புகழ்பெற்ற ஹெல்மெட் சிகிச்சை. மனைவியின் துணிக் குவியலிலிருந்து ஓர் ஆரஞ்சுத் துண்டை எடுத்து, கோட்டுக்குத் தோள்பட்டையில் வைக்கிற பஞ்சை உள்ளே அடைத்து, குட்டிம்மாவின் கழுத்தைச் சுற்றி ஒரு பட்டை கட்டினார். இனி மேஸ்திரி கொத்தினாலும் பஞ்சில்தான் படும். கட்டி முடித்து, இரண்டடி பின்னால் போய் நின்று ரசித்தார். குட்டிம்மா அந்தப் பட்டையோடு கூட்டத்துக்குள் நடந்தது. அதுவரை மேஸ்திரி மட்டும்தான் கொத்திக்கொண்டிருந்தது, மற்றவை தம் பாட்டுக்குப் புழுவைத் தேடிக்கொண்டிருந்தன. இப்போது ஆரஞ்சு நிறத்தில் ஏதோ நடந்து வருகிறதே, என்னவாக இருக்கும், தின்னலாமா என்று எல்லாமும் தலையைச் சாய்த்துப் பார்த்தன. பிறகு ஒன்று கொத்திப் பார்த்தது. பிறகு எல்லாமும் கொத்திப் பார்த்தன. குட்டிம்மா கொல்லையைச் சுற்றி ஓட, பின்னால் கூட்டம் ஓட, கூட்டத்துக்குப் பின்னால் சமரசம் சார், "வரிசையா வாங்க, வரிசையா வாங்க" என்று கத்திக்கொண்டே ஓடினார்.

இதில் மனம் தளர்ந்துவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அவருக்கு ஒரு தெளிவு பிறந்தது. "பாத்தியா, இப்ப எல்லாருமே கொத்துறாங்க. அப்படியிருக்க மேஸ்திரி ஒருத்தரை மட்டும் எப்படிக் குத்தம் சொல்றது?" என்று மனைவியிடம் கேட்டார். தையல்காரர் வாயில் குண்டூசி வைத்திருந்ததால் பதில் சொல்லவில்லை.

மூன்றாவது, இடமாற்றம். ஓர் அட்டைப்பெட்டியில் காற்றுக்கு ஓட்டை போட்டு, குட்டிம்மாவை அதில் வைத்து, பெட்டியைக் குளியலறையில் வைத்தார். கொல்லையில் அமைதி. மேஸ்திரி இங்கும் அங்கும் பார்த்தது, குட்டிம்மாவைக் காணோம். சமரசம் சார் தேநீரோடு வந்து உட்கார்ந்து, மனைவிக்குக் கேட்கும்படி, "பிரச்சினை தீர்ந்துபோச்சு" என்று அறிவித்தார். அவர் அறிவித்துக்கொண்டிருக்கும்போதே மேஸ்திரி கொஞ்சம் நொண்டி நடக்கிற ஒரு பெட்டையைத் தேர்ந்தெடுத்து, அதன் முதுகில் ஏறி மிதித்தது.

அதனாலென்ன, பெட்டிக்கா பஞ்சம்? நொண்டி சமையலறைக்குப் போயிற்று. அடுத்த வாரத்தில் மேஸ்திரியின் கண் வேறொன்றின்மேல் விழ, அது கட்டிலுக்கடியில் போயிற்று. இன்னொன்று புத்தக அலமாரியின் கீழ்த்தட்டுக்கு. இன்னொன்று, திரை கட்டிய மூலைக்கு. அங்கே ஒரு டீச்சரம்மா புதுச் சட்டையைப் போட்டுப் பார்க்க நுழைந்தார். உள்ளே போன வேகத்தைவிட வெளியே வந்த வேகம் அதிகம். ஒரு கை சட்டைக்குள்ளும் ஒரு கை காற்றிலுமாக, "உள்ள யாரோ இருக்காங்க" என்று தெருவரைக்கும் ஓடினார். வீடு முழுக்க ஓட்டை போட்ட பெட்டிகள் ஒன்றையொன்று பார்த்துக் கத்தின. கொல்லை வரவரக் காலியாகிக்கொண்டு வந்தது, அவ்வளவு இடமும் மேஸ்திரிக்கு.

தையல்காரர் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டார். மருத்துவர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி, வளவளவென்று பேசுகிற பழக்கம் இல்லாதவர். குட்டிம்மாவின் கழுத்திலிருந்த பட்டையை அவிழ்த்துப் போட்டு, காயத்தில் ரத்தச் சிவப்பு வெளியே தெரியாதபடி ஊதா மருந்து தடவினார். பிறகு கொல்லையை எட்டிப் பார்த்தார்.

"கொத்துறது எது?"

"அப்படி ஒருத்தரைக் கைகாட்டிச் சொல்ல முடியாது டாக்டர்" என்றார் சமரசம் சார்.

"ஒண்ணுதானே நிக்குது அங்க."

"இருந்தாலும்..."

"அதைப் பிடிச்சுத் தனியா அடைங்க. சில நாள் கூட்டத்தை விட்டு ஒதுங்கியிருந்தா அதோட கொட்டம் அடங்கிடும். மத்ததையெல்லாம் வெளிய விடுங்க. தட்டு ஒண்ணு போதாது, நாலஞ்சு வாங்கித் தள்ளித் தள்ளி வைங்க. ஒளிஞ்சுக்க அங்கங்க பலகை சாத்தி வைங்க. அடிபட்டதைத் தூக்கித் தூக்கி உள்ள வச்சா, திரும்ப விடும்போது அது கூட்டத்துக்கு வேத்தாளாயிடும், இன்னும் அதிகமாத்தான் கொத்தும்."

சமரசம் சார் உள்ளங்கைகளை எதிரெதிரே வைத்தார். "டாக்டர், என் அனுபவத்துல சொல்றேன். ஒருத்தரை மட்டும் தனிமைப்படுத்துறது அவ்வளவு ஆரோக்கியமான முறை இல்லை."

மருத்துவர் கூடத்தைப் பார்த்தார். கட்டிலுக்கடியைப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். "வீடு முழுக்கத் தனிமைப்படுத்தி வச்சிருக்கீங்களே சார், அது என்ன முறை?" என்று கேட்டுவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

"அதைத்தான் நானும் சொல்றேன்" என்றார் சமரசம் சார், அவர் போன பிறகு.

இந்த இடத்தில் சாதாரண மனிதன் யாராக இருந்தாலும் ஒரு பழைய போர்வையை எடுத்துக்கொண்டு மேஸ்திரியைப் பிடிக்கப் போயிருப்பான். நடுநிலைவாதிக்கு அதில் ஒரு சங்கடம் உண்டு. மேஸ்திரியைப் பிடிக்க வேண்டுமென்றால் மேஸ்திரிக்குக் கிட்டே போகவேண்டும். அதற்குப் பதிலாக அவர் தம் பணிக்காலத்தின் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். நேருக்கு நேர் பேச்சுவார்த்தை. அறைக்குள் இரண்டு பேரையும் விட்டு, கதவைச் சாத்தி, "மனசு விட்டுப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நிற்பது. சோப்புத் தொழிற்சாலையில் இதற்குப் பிறகு எந்தப் பெண்ணும் இரண்டாம் முறை புகார் சொன்னதில்லை.

கொல்லையின் மூலையில் விறகு வைக்கிற சின்னக் கொட்டகை இருந்தது. அதற்குள் ஒரு தட்டில் நல்ல தானியமாகப் போட்டார். வாசனைக்கு மேஸ்திரி தானே உள்ளே போயிற்று. குட்டிம்மாவைப் பெட்டியோடு கொண்டுவந்து, உள்ளே இறக்கிவிட்டு, "ஒரே தட்டுல சாப்பிட்டா எல்லாம் சரியாயிடும். நீயே முதல்ல போய்ப் பேசு" என்று அதன் முதுகைத் தட்டிக் கதவைச் சாத்தினார். கொட்டகைக்கு வெளியே நின்று கையைக் கட்டிக்கொண்டார். உள்ளே தடதடவென்று சத்தம் கேட்டது. "பேசுறாங்க" என்று மகிழ்ந்தார். பிறகு கீச்சென்று ஒரு சத்தம். "மனசுல இருக்கிறதெல்லாம் வெளிய வரட்டும்." பிறகு சத்தமே இல்லை. "முடிஞ்சது" என்று சொல்லிக்கொண்டார். ஆனால் கதவைத் திறக்க அவருக்குக் கை வரவில்லை.

திறந்தது தையல்காரர். அந்தக் கீச்சுச் சத்தம் மெஷின் ஓட்டத்தையும் மீறி அவருக்குக் கேட்டிருந்தது. கழுத்தில் அளவு நாடா தொங்க, கையில் பாதி தைத்த சீருடைத் துணியோடு ஓடி வந்து கதவை இழுத்தார். குட்டிம்மா ஒரு மூலையில் கழுத்தைத் தரையோடு போட்டுக் கிடந்தது. மேஸ்திரி அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. தையல்காரர் யோசிக்கவே இல்லை. துணியை விரித்து மேஸ்திரியின் தலையில் போட்டார், ஒரே சுருட்டாகச் சுருட்டினார், குட்டிம்மா வந்த பெட்டியிலேயே அதைத் திணித்து மூடினார். இத்தனை நாளாக ஒரு வீட்டையே ஆட்டிப்படைத்த வீரன், பள்ளிக்கூடத்து நீலத் துணிக்குள் போனதும் கப்சிப்.

"அவசரப்படாதே, அவர் தரப்பையும்..." என்று ஆரம்பித்தார் சமரசம் சார்.

"இன்னொரு வார்த்தை பேசினீங்கன்னா, வெளிய இன்னும் பெட்டி இருக்கு" என்றார் தையல்காரர்.

மருத்துவர் மறுபடியும் வந்து தையல் போட்டுவிட்டு, "சாயங்காலத்துக்குள்ள தலையைத் தூக்கி ஏதாவது வாயில வச்சுதுன்னா பிழைச்சுக்கும். இல்லேன்னா கஷ்டம்" என்று சொல்லிப் போனார். ஆர்டர் நிற்காது, சீருடை நாளைக்கே வேண்டும். தையல்காரர் குட்டிம்மாவை மடியில் போட்டுக்கொண்டு மெஷின் முன் உட்கார்ந்தார். சமரசம் சார் வாசற்படியில் நின்றார். உள்ளே வரவும் தெரியவில்லை, போகவும் தெரியவில்லை.

"நான் நல்லதுக்குத்தான் செஞ்சேன்" என்றார்.

தையல்காரர் காலை மிதியிலிருந்து எடுத்தார். "தெரியும். உங்க அக்கா வந்து என் சமையலை, என் தையலை, எங்க அம்மா வீட்டை ஒண்ணு விடாம கொத்துவாங்க. நீங்க என்னைத் தனியாக் கூப்பிட்டு, கொஞ்ச நேரம் தையல் ரூம்ல போய் உக்காருன்னு சொல்வீங்க. அதுவும் நல்லதுக்குத்தான். நானும் வந்து உக்காருவேன். உக்காந்து உக்காந்துதான் இவ்வளவு நல்லாத் தைக்கக் கத்துக்கிட்டேன். எனக்கு மனசு எவ்வளவு வலிச்சுதுன்னு ஒரு தடவையாவது கேட்டிருக்கீங்களா?"

அதைத்தான் நானும் சொல்றேன் என்று சொல்ல வாயெடுத்தார் சமரசம் சார். வார்த்தை வரவில்லை. அவர் வாழ்க்கையில் அது முதல் தடவை. உள்ளே வந்து, கீழே விழுந்திருந்த நூல்கண்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதற்கு மேல் அந்த மனிதருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம்.

பொழுது சாய்கிற நேரத்தில் குட்டிம்மா தலையைத் தூக்கியது. சுற்றும் முற்றும் பார்த்தது. மேஜைமேல் இருந்த ஒரு சட்டைப் பட்டனைக் கொத்தி விழுங்கப் பார்த்தது. மருத்துவர் சொன்ன 'ஏதாவது'வில் பட்டன் சேருமா என்று தையல்காரர் யோசிக்கவில்லை. அழுதுவிட்டார். பிறகு பட்டனைப் பிடுங்கிவிட்டுத் தண்ணீர் காட்டினார். குடித்தது.

மறுநாளிலிருந்து கொல்லையில் தையல்காரரின் ஆட்சி. மேஸ்திரிக்கு ஒரு கம்பிக் கூண்டு, மூலையில், எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் தொட முடியாது. பெட்டிகளில் இருந்தவை எல்லாம் வெளியே வந்தன. தட்டுகள் பெருகின. பழைய கதவு ஒன்று, உடைந்த மேஜைப் பலகை ஒன்று என்று அங்கங்கே சுவரில் சாய்த்து வைத்தாயிற்று. ஒன்று முறைத்தால் இன்னொன்று பலகைக்குப் பின்னால் போய்விடும், முறைத்தது எதற்காக முறைத்தோம் என்பதை மறந்துவிடும். நொண்டி, தனக்கென்று ஒரு தட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு கொழுத்தது. கழுத்துக் காயம் ஆறி, குட்டிம்மாவும் ஒரு நாள் படியிறங்கிப் போய்க் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. தையல்காரர் ஜன்னலில் நின்று அதையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக மேஸ்திரியின் கூண்டைத் திறந்தார். மேஸ்திரி பழைய மிடுக்கோடு இறக்கையைத் தூக்கி, தலையை இறக்கி, நேராகத் தட்டை நோக்கி ஓடியது. யாரும் விலகவில்லை. நொண்டி தின்பதை நிறுத்தி, யாரப்பா நீ என்பதுபோல ஒரு பார்வை பார்த்து, அதன் மண்டையில் ஒரே ஒரு கொத்து கொத்தியது. அவ்வளவுதான். மேஸ்திரி இறக்கையை மடக்கிக்கொண்டு, பலகைக்குப் பின்னால் போய் நின்று, மற்றவை தின்று முடிக்கக் காத்திருந்தது.

இதைப் பார்த்ததும் சமரசம் சாருக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே போய் ஒரு கைப்பிடித் தானியத்தை எடுத்து வேட்டி மடிப்பில் மறைத்துக்கொண்டு வந்தார். மனைவி பார்க்காத நேரம் பலகைக்குப் பின்னால் குனிந்து, "சாப்பிடுங்க. எப்படி இருந்தவர் நீங்க" என்றார். குரல் தழுதழுத்தது. கொல்லையில் நடந்த அத்தனையிலும் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது இப்போதுதான்.

"என்னங்க" என்றார் ஜன்னலில் இருந்து தையல்காரர். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் விசேஷம். "குட்டிம்மா ரத்தத்தோட கிடந்தப்போ உங்களுக்கு அழுகை வரலை. இவனுக்குச் சாப்பாடு கொஞ்சம் லேட்டானா வருது."

சமரசம் சார் குனிந்தபடியே இருந்தார். மேஸ்திரி தானியத்தைத் தின்று முடித்துவிட்டு, நன்றியாக அவர் விரலை நறுக்கென்று ஒரு கொத்து கொத்தியது.

அவரை அங்கேயே விட்டுவிட்டு உங்களிடம் வருகிறேன், வாசகரே. இதுவரைக்கும் நன்றாகச் சிரித்தீர்கள், எனக்குத் தெரியும். ஒன்று மட்டும் கேட்கிறேன், யாருக்கும் சொல்ல மாட்டேன். மேஸ்திரி பலகைக்குப் பின்னால் தனியாக நின்று காத்திருந்ததே, அப்போது, ஐயோ பாவம், அந்த அம்மா கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாமே என்று உங்களுக்கு ஒரு கணம் தோன்றியதா? இல்லையென்றால் சரி. தோன்றியதென்றால், படித்தது போதும், எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் எந்த அறையிலிருந்து இவ்வளவு நேரமாகச் சத்தமே வரவில்லையோ, அந்த அறைக் கதவைத் தட்டி, உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வாருங்கள்.